உடல் எழுதும் கணக்கு

சங்கத்தின் வரவு செலவுகளை ஆண்டுதோறும் தணிக்கை செய்கிறோம். சரக்கிருப்பு குறைந்தாலும், கடன் நிலுவை ஏறினாலும், பேரேடு அதனைக் காட்டிவிடுகிறது. குறை முற்றுமுன் அதனைச் சரிசெய்யவும் முடிகிறது. நம் உடலும் இத்தகைய பேரேடு ஒன்றை இரவும் பகலும் எழுதிவருகின்றது. நாடித் துடிப்பு, இரத்த அழுத்தம், மூச்சு, உறக்கம், இரத்தத்திலுள்ள சர்க்கரை ஆகியவை அதன் பத்திகள். கூலி தாமதிப்பதும், ஏரி வற்றுவதும், வட்டி ஏறுவதும், வீட்டில் அமைதி நிலவுவதும் அதிற் பதிவாகின்றன. ஆயினும் அப்பேரேட்டைப் புரட்டிப் பார்ப்போர் நம்மிற் சிலரே. அதனைப் படிக்கும் முறையையும், அதன் எல்லையையும், அதனைக் கொண்டு சங்கம் செய்யத்தக்கதையும் ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

தாம்பரத்தின் பழைய பாடம்

உடலின் குறிகளைப் பார்த்து வாழ்வை ஒழுங்குபடுத்தும் வழக்கம் நம் பகுதிக்குப் புதிதன்று. டாக்டர் டேவிட் சௌரி முத்து என்பார் இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுப் பகுதியில் காச நோயாளர்க்கான சானடோரியம் நடத்தியவர். அவரே 1928ஆம் ஆண்டில் தாம்பரத்தில் ஒரு சானடோரியத்தை நிறுவினார். 1937இல் அரசாங்கம் அதனை ஏற்றுக்கொண்டது. அதுவே இன்றைய அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாகும். ரயில் நிலையத்தின் பெயரும் அதனாலேயே தாம்பரம் சானடோரியம் என்றாயிற்று.

காசத்தைக் கொல்லும் மருந்துகள் கண்டுபிடிக்கப்படாத அக்காலத்தில், சானடோரியங்களில் ஓய்வு, நல்ல காற்று, சத்துணவு ஆகிய மூன்றுமே சிகிச்சையாக இருந்தன. நோயாளி எழுந்து நடக்கலாமா, சிறு வேலை செய்யலாமா என்பதை வைத்தியர்கள் எப்படி அறிந்தனர்? உடல் வெப்பம், நாடித் துடிப்பு, எடை ஆகியவற்றை நாள்தோறும் தாளிற் குறித்து அறிந்தனர். நடந்துவந்த பின் வெப்பம் ஏறினால் மீண்டும் ஓய்வு. ஏறாவிடில் மறு வாரம் சற்று அதிக நடை. உழைப்பைத் தாங்கும் வலிமை உடலுக்கு எவ்வளவு உண்டு என்பதை உடலையே கேட்டறிந்த முறை இது.

இதே சானடோரியம் பகுதியில் 2005ஆம் ஆண்டு முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் நடைபெற்று வருகின்றது. நாடி, தொடு உணர்வு, நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என எட்டினைப் பார்ப்பது சித்த மருத்துவ மரபு. மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து வளி, அழல், ஐயம் ஆகியவற்றின் நடையை அம்மருத்துவர் உணர்கின்றனர். கடிகாரத்தைக் கொண்டு துடிப்பை எண்ணும் முறை வேறு, இது வேறு. ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளலாகாது. ஆயினும், உள்ளத்தின் நிலை உடலிற் புலப்படும் என்பதில் இரண்டிற்கும் வேற்றுமையில்லை.

அச்சம் வரின் உடல் செய்வது யாது?

வயலில் வரப்பின்மேல் நடக்கும்போது காலடியில் பாம்பு ஒன்று நெளிகிறது. சிந்திக்குமுன் துள்ளி விலகுகிறோம். நெஞ்சு படபடக்கிறது, மூச்சு விரைகிறது, நா வறள்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலின் என்னும் சுரப்பு நீரை இரத்தத்திற் கலந்ததன் விளைவு இது. இருதயம் வேகமாய் அடித்துக் கைகால்களுக்கு இரத்தத்தை அனுப்புகிறது. கல்லீரல் சேமித்து வைத்த சர்க்கரையை வெளியிடுகிறது. செரிமானம் அப்போதைக்கு ஒத்திவைக்கப்படுகிறது. சில நிமிஷங்களில் அதே சுரப்பிகளிலிருந்து கார்டிசால் என்னும் மற்றொரு நீரும் சுரந்து, அந்த ஆயத்த நிலையை நீடிக்கச் செய்கிறது. அமெரிக்க அறிஞர் வால்டர் கானன் 1915இல் வெளியிட்ட நூலில், பசி, வலி, அச்சம், சினம் ஆகியவற்றால் உடலில் நிகழும் மாறுதல்களை விரிவாக விளக்கினார்.

இம்மாறுதல்கள் தீயவை அல்ல, நம்மைக் காப்பவை. பாம்பு போய்விட்டால் கால் மணி நேரத்தில் நாடி அடங்கிவிடும். ஆனால் கடன் பத்திரம் பாம்பைப்போல் புதருக்குள் போய்விடுவதில்லை. பாவு முடிந்து அடுத்த நூல் வராத தறிகாரருக்கும், பயிர் வாடும்போது வானத்தைப் பார்த்திருக்கும் விவசாயிக்கும் அதே சுரப்பிகளே வேலை செய்கின்றன. ஆனால் வாரக்கணக்கில் வேலை செய்கின்றன. மாண்ட்ரீல் நகரில் ஆராய்ந்த ஹான்ஸ் ஸெல்யே என்னும் அறிஞர் 1936இல் ஒரு செய்தி வெளியிட்டார். குளிர், காயம், நஞ்சு, அளவு மீறிய உழைப்பு என எலிகளுக்கு நேர்ந்த துன்பம் எதுவாயினும் உடலின் மாறுதல் ஒன்றாகவே இருந்தது. அட்ரினல் சுரப்பிகள் வீங்கின. நோயெதிர்ப்புக்கு உதவும் தைமஸ் சுரப்பி சுருங்கியது. வயிற்றிற் புண்கள் தோன்றின. 1993இல் புரூஸ் மக்யூவன், எலியட் ஸ்டெல்லர் என்னும் இருவர், நெடுநாள் நெருக்கடியால் உடலுக்கு ஏற்படும் தேய்வை ஒரு சுமையாகக் கணக்கிட வேண்டுமென்றனர். நம் சங்கக் கணக்கில் எந்திரத்திற்குத் தேய்மானம் எழுதுகிறோம் அல்லவா? உடலுக்கும் தேய்மானம் உண்டு என்பதே அவர்கள் கூறியதன் சாரம்.

படிக்கத்தக்க குறிகள்

முதலாவது, நாடித் துடிப்பு. ஓய்ந்திருக்கும் வயதுவந்தோர்க்கு நிமிஷத்திற்கு 60 முதல் 100 வரை இருப்பது இயல்பு. உழைத்து உரமேறிய உடலில் இது 60க்குச் சற்றுக் குறைந்திருப்பதும் உண்டு. தறியினின்று எழுந்தவுடன் எண்ணினால் அதிகமாகவே இருக்கும். அதில் அச்சம் வேண்டா. விழித்தெழுந்தவுடன் எண்ணும் துடிப்பு, பல நாட்கள் தொடர்ந்து வழக்கத்தைவிட மிகுந்து நிற்குமாயின் அதுவே கவனிக்கத்தக்கது.

இரண்டாவது, துடிப்புகளின் இடைவெளி. ஆரோக்கியமான இருதயம் கடிகாரம்போல் ஒரே சீராக அடிப்பதில்லை. மூச்சை உள்ளிழுக்கும்போது சற்று விரைந்தும், வெளிவிடும்போது சற்றுத் தளர்ந்தும் அடிக்கும். மூளையிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பு கடிவாளம்போல் அதனை இழுத்தும் விட்டும் நடத்துகிறது. நெடுநாள் மனநெருக்கடியில் உள்ளோர்க்கு இவ்வேறுபாடு குறைவதுண்டு. கையிற் கட்டும் இக்காலக் கருவிகள் சில இதனைக் கணிக்கின்றன. அவற்றை மதிப்பீடாகக் கொள்ளலாமேயன்றித் தீர்ப்பாகக் கொள்ளலாகாது.

மூன்றாவது, இரத்த அழுத்தம். இதற்கு இரண்டு அளவுகள் உண்டு. இருதயம் சுருங்கும்போது இருப்பது மேல் அளவு. விரியும்போது இருப்பது கீழ் அளவு. 120க்கு 80 என்பது நல்ல நிலை. வெவ்வேறு நாட்களில் பார்த்தும் 140க்கு 90 அல்லது அதற்கு மேல் நிற்குமாயின் மருத்துவரைக் காண்பது கட்டாயம். இந்நோய் பெரும்பாலும் வலி தருவதில்லை, தலைசுற்றுவதுமில்லை. மூளையின் இரத்தக் குழாய் வெடித்தோ அடைத்தோ பக்கவாதம் கண்ட பின்னரே பலர் இதனை அறிகின்றனர். 'எனக்கொன்றும் இல்லையே' என்னும் சொல்லை இதில் மட்டும் நம்பலாகாது.

நான்காவது, உறக்கம். கார்டிசால் வைகறையில் ஏறத்தொடங்கி, விழித்தெழுந்த சிறிது நேரத்தில் உச்சமடைந்து, பகலில் படிப்படியாக இறங்கி, நள்ளிரவில் மிகக் குறைந்திருப்பது இயற்கை. கவலையும் இரவு வேலையும் இவ்வொழுங்கைக் கலைக்கின்றன. படுத்தும் உறங்காமை, பின்னிரவில் விழித்து மீண்டும் கண்ணயராமை, எழும்போதே சோர்வு ஆகியவை வாரக்கணக்கில் நீடித்தால் அவையும் குறிகளே. 2015ஆம் ஆண்டு டிசம்பர்த் தொடக்கத்தில் அடையாறு கரைபுரண்டு முடிச்சூர், வரதராஜபுரம் முதலிய பகுதிகளுக்குள் புகுந்ததை நாம் மறக்கவில்லை. வெள்ளம் வடிந்த பின்னும், இரவில் மழைச் சத்தம் கேட்டாலே எழுந்து வாசலைப் பார்ப்போர் உண்டு. நீர் வற்றினும் உடலின் காவல் வற்றுவதில்லை.

ஐந்தாவது, சர்க்கரை. நெருக்கடிக் காலத்தில் கல்லீரல் வெளியிடும் சர்க்கரை, நீரிழிவு உள்ளோர்க்கு அளவை மேலும் உயர்த்தும். மூன்று மாத சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை ஒன்றும் உண்டு; மருத்துவர் கூறும்போது அதனைச் செய்துகொள்ளலாம்.

கரும்பு விவசாயிகளின் நாடி

இவையெல்லாம் நகரத்து மாடிகளில் அமர்ந்தோர்க்கான பேச்சு என்று ஒதுக்கிவிடலாகாது. நம் தமிழ்நாட்டு விவசாயிகளிடமே இதனைச் சோதித்துள்ளனர். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவ் ஆகிய அறிஞர்கள் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளைச் சந்தித்து, 2013இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். கரும்பு வெட்டும் நாளை ஆலையே குறிப்பதால், ஒரே மாதத்தில் ஒருவருக்கு அறுவடை முடிந்திருக்கும். அடுத்த வயலார்க்கு முடிந்திராது. ஆதலின் பருவ நிலையின் வேற்றுமை ஆராய்ச்சியைக் குழப்பவில்லை. ஒரே விவசாயியையே, பணம் வருமுன் ஒரு முறையும் வந்தபின் ஒரு முறையும் சோதித்தனர்.

அறுவடைக்கு முன் அடகு வைத்திருந்தோர் நூற்றுக்கு 78 பேர்; பின்னர் 4 பேரே. அறிவுக் கூர்மையைச் சோதிக்கும் புதிர்களில், பணம் வந்தபின் அவர்கள் தெளிவாகவும் விரைவாகவும் விடையளித்தனர். ஒரு பகுதியினர்க்கு இரத்த அழுத்தமும் எடுக்கப்பட்டது. அறுவடைக்குப் பின் மேல் அளவு சராசரியாக ஏறத்தாழ 7 புள்ளியும், கீழ் அளவு ஏறத்தாழ 4 புள்ளியும் குறைந்திருந்தன. மனிதர் மாறவில்லை, நிலம் மாறவில்லை, கையில் பணம் வந்தது ஒன்றே மாறியது.

இதிலிருந்து நாம் கற்க வேண்டுவது என்ன? நெருக்கடியிலுள்ள ஒருவர் கடன் தாளைப் படிக்காமற் கையெழுத்திடுவதையும், தவணையை மறப்பதையும் கண்டு, 'அவருக்குப் பொறுப்பில்லை' என்று பேசிவிடுகிறோம். பற்றாக்குறையே மனத்தின் பெரும் பகுதியைப் பிடித்துக்கொள்கிறது என்பது அவ்வறிஞர்களின் முடிவு. மடமையன்று, சுமையே காரணம். இரத்த அழுத்தத்தின் ஏற்றம் ஒன்றே அறிவின் தளர்ச்சிக்குக் காரணம் என்று அவர்கள் கூறவில்லை என்பதையும் குறித்துக்கொள்வோம்.

வேலையின்மேல் உரிமை

வறுமை மட்டுமே உடலைத் தேய்ப்பதன்று. லண்டன் மாநகரின் ஒயிட்ஹால் அரசாங்க அலுவலகங்களில் 1967இல் ஓர் ஆராய்ச்சி தொடங்கிற்று. அங்கு யாவர்க்கும் நிரந்தர உத்தியோகம், யாரும் பட்டினியில்லை. ஆயினும் கடைநிலை ஊழியர்கள் இருதய நோயால் இறப்பது உயர்நிலை அதிகாரிகளைவிட மும்மடங்குக்கு மேலாக இருந்தது. புகைபிடித்தல், கொழுப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றைக் கணக்கிட்டுக் கழித்த பின்னும் அவ்வேற்றுமை முழுதும் மறையவில்லை. 1985இல் மைக்கேல் மார்மட் தலைமையில் பெண்களையும் சேர்த்துத் தொடங்கிய இரண்டாம் ஆராய்ச்சியில் ஒரு காரணம் புலப்பட்டது. தம் வேலையைப்பற்றித் தாம் முடிவு செய்யும் உரிமை குறைந்தோர்க்கு இருதய நோய் மிகுதியாக இருந்தது.

கூட்டுறவாளராகிய நாம் இதனை ஊன்றிக் கவனிக்கவேண்டும். அனகாபுத்தூரிலும் குன்றத்தூரிலும் நெசவைக் கைவிடாத குடும்பங்கள், பிறர் தரும் நூலுக்கும் பிறர் வைக்கும் விலைக்கும் காத்திருப்பது ஒரு வாழ்வு. நூலின் விலை, கூலி, சரக்கின் விற்பனை ஆகியவற்றைப் பொதுக்குழுவில் கேட்டறிந்து, கைதூக்கி முடிவு செய்வது மற்றொரு வாழ்வு. இரண்டாவதில் வருமானம் உடனே பெருகாமற்போகலாம். ஆனால் நாளை என்ன நேரும் என்று தெரியாத திகைப்பு குறைகிறது. பொதுக்குழுவுக்கு வராதிருத்தலை நாம் நிர்வாகக் குறையாகவே எண்ணிவந்தோம். அது உடல் நலக் குறையுமாகும்.

அளக்கும் முறை

நாடியைப் பார்க்கக் கருவி வேண்டா. காலையில் எழுந்தவுடன், காபி அருந்துமுன், கட்டைவிரலின் அடியில் மணிக்கட்டின் மீது இரு விரல்களை வைத்து 30 விநாடி எண்ணி இரட்டிக்கவும். ஒரு வாரம் எழுதினால் தம் வழக்கமான அளவு தெரிந்துவிடும்.

இரத்த அழுத்தம் பார்க்குமுன் அரை மணி நேரம் காபி, தேநீர், பீடி வேண்டா. சிறுநீர் கழித்துவிட்டு, ஐந்து நிமிஷம் பேசாமல் அமரவேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும். பாதங்கள் தரையிற் படவேண்டும். கை இருதயத்தின் உயரத்தில் மேசைமேல் இருக்கவேண்டும். பட்டையைச் சட்டையின் மேல் சுற்றலாகாது. இரு முறை எடுத்து இரண்டையும் எழுதவேண்டும். மருத்துவரைக் கண்டவுடன் அளவு ஏறிவிடுவோரும் உண்டு. ஆதலின் ஒரு நாள் அளவைக்கொண்டு முடிவு செய்தல் தவறு. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் அரசுத் திட்டத்தில் ஊழியர் வீடு தேடி வந்து அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கின்றனர். அவர்கள் வரும்போது, 'வேலையிருக்கிறது, பிறகு வாருங்கள்' என்று அனுப்பிவிடலாகாது.

குறிகளின் எல்லை

பேரேட்டில் பற்று ஏறியிருந்தால் காரணம் கேட்காமல் எவரையும் குற்றம் சாட்டுவதில்லை. உடலின் குறியும் அவ்வாறே. நாடி விரைவதற்குக் கவலை மட்டுமா காரணம்? காய்ச்சல், இரத்தச் சோகை, தைராய்டு கோளாறு, வெயிலில் நீர் வற்றுதல் ஆகியவையும் காரணங்கள். வீட்டில் எல்லார்க்கும் பரிமாறிக் கடைசியில் மிஞ்சியதை உண்ணும் பெண்ணுக்கு நெஞ்சு படபடத்தால், அதனை 'மனக்கவலை' என்று தள்ளிவிடுவது பெருந்தவறு. அது இரத்தச் சோகையாக இருக்கலாம். அளவுகள் யாவும் நன்றாயிருந்தும் ஒருவர் உள்ளம் நொந்திருக்கவும் கூடும். எந்தக் கருவியும் மனத்தின் துயரை நேரே அளப்பதில்லை. அவரைக் கேட்டே அறியவேண்டும்.

மெதுவாக, நிமிஷத்திற்கு ஆறு முறை அளவில், மூச்சை நீளமாக வெளிவிட்டுப் பழகுதல் நாடியைத் தணிக்கும். அது நல்ல பழக்கமே, மாத்திரைக்கு மாற்றன்று. அழுத்தத்திற்கு மருந்துண்போர் அளவு இறங்கிவிட்டதென்று தாமே நிறுத்துவது ஆபத்து. மருந்தினாலேயே அது இறங்கியுள்ளது. நெஞ்சில் இறுக்கும் வலி, தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, முகம் கோணுதல், நா குழறுதல் ஆகியவை தோன்றினால் 108ஐ உடனே அழைக்கவேண்டும். உள்ளம் தாங்கவியலாச் சுமையில் இருப்போர் 14416 என்னும் எண்ணில் இலவசமாகப் பேசலாம்.

சங்கம் செய்யத்தக்கவை

சங்க அலுவலகத்தில் நல்ல அழுத்தமானி ஒன்றை வாங்கி வைக்கலாம். அதன் விலை ஒரு சிறு சங்கத்தாலும் தாங்கத்தக்கது. ஒவ்வோர் அங்கத்தினருக்கும் சிறு ஏடு ஒன்று தரலாம். அவ்வேடு அங்கத்தினரிடமே இருத்தல் வேண்டும். கடன் மனுவைப் பரிசீலிக்கும்போது அதனைக் கேட்பதோ பார்ப்பதோ கூடாதென்று நிர்வாகக் குழு தீர்மானம் எழுதிவைக்க வேண்டும். இந்த நம்பிக்கையின்றேல் எவரும் கையை நீட்டமாட்டார்.

இவை போதா. அளந்து பார்த்து மருந்து கொடுப்பதோடு நின்றால், கூரை ஒழுகும்போது பாத்திரம் வைத்ததாகவே முடியும். கூலி வழங்கும் நாளைக் குறித்து, அந்நாள் தவறாமல் வழங்குதல். தாமதம் நேருமாயின் முன்னரே அறிவித்தல். தவணையை அறுவடைக்குப் பின் வருமாறு அமைத்தல். மனுத் தாள்களை எளிய தமிழிற் சுருக்கி அச்சிடுதல். நிலுவைக் கடிதத்தை அனுப்புமுன் ஆளை நேரிற் கண்டு பேசுதல். இவை கணக்கரும் காரியதரிசியும் செய்யக்கூடியவை. இவற்றால் இறங்கும் இரத்த அழுத்தம் சங்கத்தின் லாப நட்டக் கணக்கில் வராது. ஆனால் அங்கத்தினரின் ஏட்டில் வரும்.

கலந்துரையாடற்குரிய வினாக்கள்

1. பாம்பைக் கண்ட அச்சத்திற்கும் கடன் கவலைக்கும் உடலளவில் ஒற்றுமை யாது? வேற்றுமை யாது?

2. கரும்பு விவசாயிகளின் ஆராய்ச்சியிலிருந்து நம் சங்கத்தின் கடன் தவணை முறைக்குக் கிடைக்கும் பாடம் என்ன?

3. நாடி விரைவதற்கு மனக்கவலையல்லாத காரணங்கள் நான்கு கூறுக.

4. அங்கத்தினரின் உடல் நல ஏட்டைச் சங்கம் பார்க்கலாகாது என்பது ஏன்?

5. சென்ற ஆறு மாதங்களில் நம் சங்கத்தில் கூலி எத்தனை முறை குறித்த நாளில் வழங்கப்பட்டது? இதற்குரிய விடையைக் காரியதரிசி பதிவேட்டைப் பார்த்துக் கூட்டத்திலேயே கூறுவாராக.